படிக்கட்டுக்கு இன்னொரு கைப்பிடி

...தூக்கிவிடலாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், ஒரு கைப்பிடிதானே அக்கா, படத்தில் இல்லாவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று, சொன்ன கையோடு டீ எடுக்கவும் போய்விட்டார், அவளைவிடப் பத்து வயது இளைய டீம் லீடர், நல்ல மனிதர்தான், பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து உட்காரும்போது படம் திக்கித் திக்கி ஓடினால் உருளப்போவது அவர் தலைதான், அதுவும் நியாயம்தான்... இப்போது மணி பத்தே முக்கால். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஆஸ்பத்திரி, அதற்குள் இப்போதே நடந்து பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் காட்டவேண்டும், வெளிச்சம் நிஜத்தில் எப்படி விழுமோ அப்படியே விழவேண்டும் என்று வேறு கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஸ்கிரீனின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை உள்ளே அனுப்பி, அது எதில் பட்டது, பட்டு எங்கே தெறித்தது, கடைசியில் சூரியனைக் கண்டதா இல்லையா என்று துரத்திக்கொண்டே போகவேண்டும், லட்சக்கணக்கான கதிர்கள், நொடிக்கு ஆறு படத்துக்கு மேல் நகரமாட்டேன் என்கிறது, போன வாரம் வரை முப்பது ஓடியதே, அவள் கைப்பிடி வைத்த நாளிலிருந்துதானே இந்தப் பாடு?

ஆர்க்கிடெக்ட் கொடுத்த வரைபடத்தில் படிக்கட்டுக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. இன்னொரு பக்கம் அவளாக வைத்தது. ஆர்க்கிடெக்டிடம் சொன்னபோது, படத்தில் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்காரர்களே பார்த்துக் கேட்டால் கட்டும்போதும் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார், அப்படியானால் படத்தில் இல்லாதது கட்டடத்திலும் இருக்காது... போன வருஷம் வாதம் வந்து வலது கை விழுந்துவிட்ட பிறகு, அவள் கணவர் தான் படுத்திருந்த பழைய ஆஸ்பத்திரியின் படியில் இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார், இறங்கும்போது பார்த்தால் இடது பக்கம் வெறும் சுவர். சற்று நேரம் சுவரையே பார்த்தார். பிறகு அப்படியே திரும்பிக்கொண்டு, ஏறின கம்பியையே பிடித்தபடி, பின்பக்கமாகவே இறங்கினார், ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி. "விடு, நான் ரிவர்ஸ்ல வர்றேன்," என்றார். அவள் சிரித்தாளா அப்போது? சிரித்திருப்பாள், அழுதால் அவருக்குப் பிடிக்காது.

சரி, புலம்பிப் பிரயோசனமில்லை, எங்கே நேரம் போகிறது என்று பார்த்துவிடலாம். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று நிறத்தில் காட்டும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னாள், குறைவென்றால் நீலம், அதிகமென்றால் சிவப்பு... படிக்கட்டு ஏறுகிற கூடம் முழுக்கச் சிவப்பு. கைப்பிடி மட்டுமில்லை, ஒன்றுமே இல்லாத காற்றுகூடச் சிவப்பு, இதென்ன கூத்து, காற்றில் என்ன வேலை? ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு பொருளிடமும் போய் உன்மேல் பட்டேனா என்று கேட்டால் விடிந்துவிடும், அதனால்தான் பொருள்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைப்பது, பெட்டியில் படாத கதிர் உள்ளே இருப்பதைப் பார்க்காமலே போய்விடலாம், கெட்டிக்காரத்தனமே அவ்வளவுதான். பெட்டி இறுக்கமாக இருக்கும்வரை. மற்றப் பக்கத்துக் கைப்பிடி மட்டும் இருந்தவரை ஏன் இப்படி ஆகவில்லை? அவள் நெருங்கிப் பார்த்தாள். ஆர்க்கிடெக்டின் ஆள் அதை முழம் முழமாகத் துண்டு போட்டுச் செய்திருந்தான். அவளுடையதோ கீழிருந்து மூன்றாம் மாடி வரை ஒரே இழுப்பு, வழவழவென்று உருண்டையாகத் தெரியவேண்டுமே என்று நூற்றுக்கணக்கான நீளச் சிம்புகளை, ஒவ்வொன்றும் தனிப் பொருள், தனிப் பெட்டி, சேர்த்துச் செய்தது... பெட்டிக்குச் சாயத் தெரியாது, நிமிர்ந்துதான் நிற்கும், சாய்வாகப் போகிற ஒரு மெல்லிய சிம்பை அதற்குள் அடைக்கக் கூடத்தின் அகலமும் உயரமும் தேவைப்பட்டிருக்கிறது, அப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள், எல்லாமே அநேகமாகக் காலி, கூடத்தைக் கடக்கிற ஒவ்வொரு கதிரும் அத்தனைக்குள்ளும் நுழைந்து வெறுங்கையோடு வெளியே வருகிறது. அடக் கடவுளே, இவ்வளவுதானா?

எடுக்கவேண்டியதில்லை, முழம் முழமாக வெட்டினால் போதும், துண்டோடு பெட்டியும் சுருங்கிவிடும். பொருளின் எண்ணிக்கை கூடும், வேலை குறையும், கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். பதினொன்றேகாலுக்குத் தொடங்கி, முதல் தடவை வெட்டின இடங்களில் விரிசல் விழுந்து, திரும்ப வெட்டி, பதினொன்று ஐம்பதுக்கு ஓடவிட்டாள். நொடிக்கு இருபத்தெட்டு. டீம் லீடர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். "கைப்பிடி இருக்கே, அக்கா," என்றார். இருக்கு, என்றாள்.

வந்தவர்களில் மூன்று பேர் வெளிச்சத்தைப் பற்றியும் தரையின் நிறத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள், தலைமை நர்ஸ் மட்டும் படிக்கட்டில் நிறுத்தச் சொன்னார். ரெண்டு பக்கமும் இருக்கா, என்று கேட்டு, ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பி, "இதை மட்டும் எடுத்துடாதீங்க," என்றார். ஆர்க்கிடெக்ட் குறித்துக்கொண்டார். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்றிருந்தது, ஆனால் நர்ஸ் விடவில்லை, வார்டுக்குள் போகச் சொன்னார், மூலைக் கட்டிலுக்கு, நின்று பார்த்தால் சரியாக வராது, "படுத்துக்கிட்டுப் பாக்கற மாதிரி காட்ட முடியுமாம்மா?"

முடியும். பார்வையைத் தலையணை உயரத்துக்கு இறக்கி மேலே திருப்பினாள், படம் தயங்காமல் திரும்பியது, கூரை, ஒரு விளக்கு, அதைத் தாண்டி ஜன்னலின் மேல் விளிம்பு, அதில் ஒரு கை அகலத்துக்கு வானம்... இது போதுமா, ஜன்னலை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமா என்று அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவள் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. கணவர் கிடந்த பழைய ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தொரு நாள் போய்வந்தாள், முகத்தைப் பார்த்தாள், மருந்துச் சீட்டைப் பார்த்தாள், குளுக்கோஸ் ஏறுகிற பாட்டிலைப் பார்த்தாள், அவர் கட்டிலுக்கு எதிரே ஜன்னல் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அவர் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்?