கதவு சாத்திய பிறகு

மகளுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காத அதீதத் துறுதுறுப்பு, என்று தெரிந்ததிலிருந்து, பெற்றோருக்கான ஆலோசனைக்கு வாராவாரம் போகிறேன். அவளுக்கு ஏழு வயது. நாங்கள் கூப்பிடுவது பம்பரம்.

போன வாரம் ஆலோசகர், "அவ வீட்டுப்பாடம் செய்யும்போது போன்ல ரெக்கார்டு போட்டு வைங்க. குத்தம் கண்டுபிடிக்க இல்ல, சேர்ந்து கேட்டுப் பார்த்தா உங்க பாரம் குறையும்," என்றார். ரெக்கார்டு போட்டால் பிள்ளை அடங்கிவிடுமா என்று வாய்வரை வந்தது. ஆனாலும் போட்டேன்.

இன்று அவர் அறையில் உட்கார்ந்து கேட்டோம். நாற்காலி இழுபடும் சத்தம், பென்சில் விழும் சத்தம், நடுநடுவே என் கத்தல். பிறகு கதவு சாத்தும் சத்தம். நான் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் அது.

கதவு சாத்திய பிறகும் என் குரல் நிற்கவில்லை.

"ஒரு இடத்துல உட்கார மாட்டியா? உன்னால என் உயிரே போகுது."

"அது நான் இல்ல. நான் மாடியில இருந்தேன்," என்றேன். ஆனால் அதே குரல்தான். கத்தி முடித்ததும் நான் விடும் பெருமூச்சுகூட அப்படியே இருந்தது. வீட்டில் பம்பரத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஆலோசகர் நிறுத்தப் போனார். "இருங்க," என்றேன்.

"ஏன்தான் எனக்கு வந்து பிறந்துச்சோ இது."

இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, ஒரே ஒரு முறை அவள் அப்பாவிடம் சொன்னது.

பிறகு பம்பரம் தன் சொந்தக் குரலில், ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னாள்.

"சாரிம்மா. இனிமே பிறக்க மாட்டேன்."