சீப்பு மாஸ்டர் வீட்டுக் கார்ப்பெட்

சீப்பு மாஸ்டருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவருடைய வலது காதில் எந்நேரமும் செருகியிருக்கும் ஒரு கறுப்புச் சீப்பு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும். இரண்டே நாற்காலி போட்ட முடி திருத்தும் கடைதான் அவருடையது. ஆனால் அங்கே வருகிறவர்களுக்கு முடிவெட்டோடு அறிவுரையும் சேர்த்தே கிடைக்கும்.

அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். தலைக்குக் குளித்த கையோடு அவசரமாகக் கொண்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாஸ்டர் கொண்டையை அவிழ்த்தார், முகம் சுளித்தார்.

"என்னம்மா, ஈரத் தலையிலேயே கொண்டை போட்டிருக்கீங்க?"

"லேட்டாயிடுச்சு மாஸ்டர். தொட்டுப் பார்த்தேன், காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"மேல எப்பவும் காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள விரலை விட்டுப் பார்க்கணும். ஈரத்தை மூடி வச்சா வாடை அடிக்கும்மா. அப்புறம் எந்த சென்ட் அடிச்சாலும் எடுபடாது."

இதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். ஊரும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறது. ஆனால் அன்று அவருக்கு அறிவுரையை நீட்டி முழக்க நேரமில்லை. மனம் முழுக்கப் பேரன்மேல் இருந்தது.

பேரன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்ததால், மாஸ்டரின் மனைவி மகள் வீட்டுக்குத் துணைக்குப் போயிருந்தார். இப்போது பிள்ளைக்குத் தேவலை. ஆனால் மகள் குடியிருக்கும் வீட்டின் சுவரில் ஓதம் ஏறுகிறது. கொஞ்ச நாளைக்குக் குழந்தையை ஈரம் அண்டாத இடத்தில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "எங்க அப்பா வீடு காத்தும் வெயிலுமா இருக்கும்" என்றாள் மகள். ஒரு மாதம் இங்கே தங்குவதாக முடிவாயிற்று. செய்தி வந்ததிலிருந்து மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. முடி வெட்ட வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மனைவி ஊருக்குப் புறப்படும்போது ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தார்.

"வாஷிங் மெஷின் பைப், குழாய்கிட்ட லூசா இருக்குங்க. பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க."

"பாத்துக்கலாம்" என்றார் மாஸ்டர்.

பிறகு போனில் மனைவி ஞாபகப்படுத்தியபோது, "பிளம்பர் வந்தாச்சு, போயாச்சு" என்றார். வரவுமில்லை, போகவுமில்லை. கடையிலிருந்து இரண்டு பெரிய முடிக் கிளிப்புகளை எடுத்துவந்து, குழாயும் பைப்பும் சேருகிற இடத்தில் மாட்டியதோடு சரி. எவ்வளவு அடர்த்தியான முடியையும் அடக்கும் கிளிப், இத்துனூண்டு பைப்பை அடக்காதா என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு, வங்கிப் பெண்ணுக்கு அறிவுரை சொன்ன அன்று மதியமே தப்பியது. பேரன் படுக்கத் துவைத்த விரிப்பு வேண்டுமே என்று காலையில் மெஷினை ஓடவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். சாப்பிட வந்து கதவைத் திறந்தால், கிளிப் ஒரு பக்கம், பைப் ஒரு பக்கம். தண்ணீர் சமையலறையைத் தாண்டி ஹாலுக்கு வந்து, சுவரிலிருந்து சுவர் வரை விரித்திருந்த கார்ப்பெட்டில் பாதியை நனைத்திருந்தது.

மாஸ்டர் குழாயை மூடினார். தரையைத் துடைத்துப் பிழிந்தார். பிறகு கார்ப்பெட்டை என்ன செய்வது என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கடைக்கு ஓடி இரண்டு ஹேர் ட்ரையர்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஈரத் தலையை எப்படி உலர்த்துவாரோ அப்படியே உலர்த்தினார். மண்டி போட்டுக்கொண்டு, ஒரு கையில் ட்ரையரும் மறு கையில் சீப்புமாக, பகுதி பகுதியாகப் பிரித்து, வாரி வாரிச் சூடு காட்டினார். ஏசிக் கடையில் பழகிய வழக்கத்தில் ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்திக்கொண்டார். வேலை முடிந்தபோது கார்ப்பெட் புசுபுசுவென்று அழகாக எழுந்து நின்றது. வாங்கிய நாளில்கூட அது அத்தனை அழகாக இருந்ததில்லை. நடுவில் லேசாக ஒரு வகிடுகூடத் தெரிந்தது.

அவர் மறந்தது ஒன்று உண்டு. தலைமுடிக்கு அடியில் இருப்பது உடம்பு. அதன் சூட்டில் வேரும் காய்ந்துவிடும். கார்ப்பெட்டுக்கு அடியில் இருப்பதோ ஸ்பாஞ்சு மெத்தை. நடந்தால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக விரிப்பது. அது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் படுத்திருந்தது.

மறுநாள் லேசாக ஒரு வாடை வந்தது. அதற்கு மறுநாள் லேசு போய்விட்டது. மாஸ்டர் கடையிலிருந்து எலுமிச்சை வாசனை ஸ்பிரேயைக் கொண்டுவந்து அடித்தார். இப்போது நனைந்த நாய் எலுமிச்சந்தோப்பில் புரண்டுவிட்டு வந்ததுபோல ஒரு மணம் ஹாலில் சுற்றியது. அடியில் என்னவோ இருக்கிறது என்று அவருக்கும் புரிந்துதான் இருந்தது.

"வீடு எப்படிங்க இருக்கு?" என்று மனைவி போனில் கேட்டார்.

"பளபளன்னு இருக்கு. நீங்க வர வேண்டியதுதான் பாக்கி."

அந்த நேரத்தில் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிளம்பர் பொய் வெளியே வரும். வீட்டுக்குப் பெரியவர் என்று இத்தனை வருஷம் நிமிர்ந்து நின்றவர், இரண்டு கிளிப்பால் தலைகுனிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் என்று காதில் விழுந்தால் மகள் பயணத்தையே நிறுத்திவிடுவாள் என்ற பயம். 'தப்பு பண்ணிட்டேன்' என்ற இரண்டு வார்த்தை எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ஆண்களின் தொண்டையில் இப்படித்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

எல்லோரும் வந்து இறங்கினார்கள். மனைவி, மகள், மகளின் இடுப்பில் பேரன், வழித்துணைக்கு மகளின் மாமியார். மாமியார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகியவர். அவருடைய மாணவர்கள் பாதிப் பேருக்குக் கனவிலும் அந்தக் குரல் கேட்கும் என்பார்கள். சம்பந்தியம்மா முன்னால் மட்டும் மாஸ்டரின் அறிவுரைகள் வாயைத் திறக்காது.

"என்னங்க இது, சோப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி மணக்குது?" என்றார் மனைவி.

"பேரன் வர்றான்ல, அதான்" என்று மாஸ்டர் இளித்தார்.

சம்பந்தியம்மா தன் பையைக் கார்ப்பெட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மகள் பிள்ளையைக் கீழே விட்டாள். அவனுக்குப் புசுபுசுவென்ற தரை ஒரே குஷி. கிலுகிலுவென்று சிரித்துக்கொண்டு தாத்தாவைப் பார்த்துத் தவழ்ந்து வந்தான். மாஸ்டர் எத்தனை நாளாய் எதிர்பார்த்த காட்சி அது. ஆனால் அவர் கண் பிள்ளையின் முட்டிமேலேயே இருந்தது. வந்தவனை வாரித் தூக்கியபோது இரண்டு முட்டியும் சொதசொதவென்று நனைந்திருந்தன.

"அதுக்குள்ள ஈரம் பண்ணிட்டானா?" என்று மகள் வாங்கிப் பார்த்தாள். "டயபர் காஞ்சுதான்மா இருக்கு. முட்டி மட்டும் நனைஞ்சிருக்கு."

சம்பந்தியம்மாவின் பார்வை தன் பையின்மேல் போனது. அடிப்பக்கம் நனைந்திருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்.

"அய்யய்யோ, நான்தான். இந்த பாட்டில் மூடி சரியில்லைன்னு தெரிஞ்சும் எடுத்துட்டு வந்தேன்." சத்தமாகவே பேசிப் பழகிய அந்தக் குரல் சின்னதாகிவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு கார்ப்பெட்டை அழுத்தித் துடைத்தார். "வந்ததும் வராததுமா நல்ல கார்ப்பெட்டைக் கெடுத்துட்டேனே. மன்னிச்சுக்கோங்க சம்பந்தி."

"அதனால என்னங்க, தண்ணிதானே, எழுந்திருங்க" என்றார் மனைவி.

சம்பந்தியம்மா எழுந்திருக்கவில்லை. துடைக்கத் துடைக்கத் தண்ணீர் ஊறி வந்தது. "எவ்வளவு கொட்டியிருக்கு பாருங்க" என்று கூனிக் குறுகித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் பேசாமல் நின்றிருந்தால் போதும். பழி பாட்டிலோடு போய்விடும். பிளம்பர், கிளிப், பொய் எதுவும் வெளியே வராது. ஒரு கணம் அவருக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. ஆனால் எதுவும் செய்யாத ஒரு பெண், தன் வீட்டுத் தரையில் மண்டி போட்டுத் தன்னிடமே மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது.

"சம்பந்திம்மா, எழுந்திருங்க. அது உங்க பாட்டில் தண்ணி இல்ல. எங்க வாஷிங் மெஷின் தண்ணி."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பிளம்பர் வந்தார்னீங்க?" என்றார் மனைவி.

"வரல."

"அப்ப பைப்பை யாரு சரி பண்ணினது?"

"நான்தான். கிளிப் போட்டேன்."

"என்ன கிளிப்?"

"தலைக்குப் போடுற கிளிப்."

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். உட்கார்ந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தார். மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் நனைந்த கால்சட்டையைக் கழற்றியபடியே சொன்னாள்.

"ஈரம் ஆகாதுன்னுதானேப்பா இவனை இங்க தூக்கிட்டு வந்தேன். தெரிஞ்சும் இவனைத் தரையில விடுறதைப் பார்த்துட்டு நின்னீங்களே."

அந்த ஒரு பேச்சில் மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "சொன்னா வரமாட்டியோன்னு பயந்துட்டேன்மா."

"சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்துக் காய வச்சிருக்கலாம். உள் ரூம்ல காஞ்ச தரைதானே, நாங்க அங்க இருந்திருப்போம்."

"இப்போ திரும்பிப் போயிடுவியா?"

"அடியில என்ன இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

பேரனை உள் அறையில் விட்டு, வாசலுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டார்கள். சோபாவை நகர்த்தினார்கள். சுவரோரம் ஆணி பதித்த மரப்பட்டையில் மாட்டியிருந்த கார்ப்பெட்டை மூலையிலிருந்து மெதுவாக எடுத்துப் பாதி வரை சுருட்டினார்கள். எலுமிச்சை வாசனை எங்கோ ஓடிப்போய், உண்மை வாசனை எழுந்தது. மஞ்சள் ஸ்பாஞ்சு மெத்தை தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. ஜன்னலோர மூலையில் கறுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்திருந்தன.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஈரத் தலையில கொண்டை போடாதீங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீங்க. வீட்டுக்கே கொண்டை போட்டு வச்சிருக்கீங்களே."

இப்போது மகளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அது திருவிழா வீடாகிவிட்டது. சாத்திக் கிடந்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. கறுப்புப் புள்ளி விழுந்த பகுதியை மட்டும் வெட்டிக் குப்பையில் போட்டார்கள். மீதி மெத்தையை மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். நனைந்த ஸ்பாஞ்சு கையில் பிய்ந்துவிடும் என்பதால் ஒரு பழைய விரிப்பில் வைத்து முன்னும் பின்னுமாகத் தூக்கினார்கள். சம்பந்தியம்மா படியில் நின்று தொழில் முறைப்படி வழிநடத்தினார்.

"மெதுவா, மெதுவா. லெஃப்ட்ல ஒடிங்க சம்பந்தி. இப்போ நேரா. வளைவுல வேகம் கூடாது. என் ஸ்டூடண்டா இருந்திருந்தா உங்களுக்கு லைசென்ஸே குடுக்க விட்டிருக்க மாட்டேன்."

மாடியில் மெத்தையை விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் மிதித்தார்கள். நாலு பக்கமும் தண்ணீர் பீச்சியது. மனைவி சம்பந்தியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மகள், அறையில் விட்ட பிள்ளையைத் தூக்கிவந்து ஓரமாக நின்று காட்ட, அவன் பெரியவர்களின் கூத்தைப் பார்த்துக் கைதட்டினான். பிறகு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அடியிலும் காற்று புகும்படி மெத்தையை அவற்றின்மேல் பரப்பினார்கள். கீழே தரையைச் சுத்தமாகத் துடைத்து, கார்ப்பெட்டின் சுருட்டிய பகுதியை ஸ்டூல்களில் ஏற்றி நிறுத்தி, அடிப்பக்கம் பார்த்து ஃபேனை வைத்தார்கள். பிளம்பர் இந்த முறை நிஜமாகவே வந்தார். கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு இந்த இன்ஜினியர்?" என்று மட்டும் கேட்டார்.

மெத்தையை ஒரு நாள் வெயிலோடு எடுத்து மறுபடி விரித்துவிடவில்லை. மாஸ்டர் தினமும் மாடிக்குப் போய் ஸ்பாஞ்சுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தி, காகிதம் நனைகிறதா என்று பார்த்தார். துளி ஈரமும் இல்லை, வாடையும் இல்லை என்று ஆன பிறகுதான் மகளிடம் போய் நின்றார்.

"நீயே வந்து பாரும்மா. நான் சொல்றதை நம்ப வேண்டாம்."

மகள் விரலை விட்டுப் பார்த்தாள்; முகர்ந்தும் பார்த்தாள். "இருக்கேன்பா. ஆனா இனிமே எது கெட்டாலும் அன்னிக்கே சொல்லிடணும்."

"சத்தியமா."

வெட்டிய மூலைக்குப் புது ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து, எல்லாவற்றையும் மறுபடி விரித்தார்கள். பேரன் அதே கார்ப்பெட்டில் மறுபடி தவழ்ந்தான். முட்டி இரண்டும் காய்ந்திருந்தன.

அந்த வார இறுதியில் மனைவி மகளோடும் பிள்ளையோடும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவருடைய போன் அடித்தது. மாஸ்டர்தான்.

"இந்தா, ஒரு விஷயம். நீ ஆசையா வச்சிருக்கிற அந்தப் பூப்போட்ட கண்ணாடி ஜாடி இருக்குல்ல? உடைச்சுட்டேன். நான்தான் உடைச்சேன். பூனை எதுவும் வரல."

மறுமுனையில் மனைவியின் குரல் வந்தது.

"சரி, கால்ல குத்தாம கூட்டி அள்ளுங்க. ஜாடி போனா போகட்டும். தப்பு யாருகிட்டதான் வராது? மூடி வச்சாத்தாங்க அது நாறும். வாயைத் திறந்து சொல்லிட்டா அன்னிக்கே காஞ்சிடும்."

மாஸ்டர் போனை வைத்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடிப் போனார். மறுநாள் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, முடி வெட்டுவதற்கு முன்னால் முதல் வேலையாகத் தன் வீட்டுக் கார்ப்பெட் கதையைச் சொன்னார். கிளிப்பையும் விடவில்லை.