குழந்தை எச்சில்

பதினோராம் நாள் புண்யாஜனத்தில் ப்ரசன்னா குழந்தையின் காதில் பெயரைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வலது காதில் மூன்று தடவை ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்பது முறை. இவன் என்னவோ டெல்லி மெட்ரோ கூட்டத்தில் தொலைந்த ஆளைத் தேடுகிறவன் மாதிரி "வத்சலா" என்று கத்தினான். "மெதுவா சொல்லுங்கோ. குழந்தைக்குக் கேட்டாப் போறும், கரோல் பாகுக்குக் கேக்க வேண்டாம்" என்றார் வாத்தியார். மூன்றாவது தடவை இன்னும் உரக்கச் சொன்னான். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் அண்டா மூடியைக் கீழே போட்டார். மூத்தவள் மானசா, இரண்டரை வயது, காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். என் மடியில் இருந்தவள் அசையவே இல்லை. "என்ன சமத்து பாருங்கோளேன்" என்று மாமியார் நெட்டி முறித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ப்ரசன்னா மட்டும் சாம்பிராணிப் புகை கண்ணை எரிக்கிறது என்று பால்கனிக்குப் போனான். நானும் நம்பினேன்.

இருபத்தாறாம் நாள் பிறப்புச் சான்றிதழ் விஷயமாக ஆஸ்பத்திரி ஃபைலைக் குடைந்தபோது அந்தத் தாள் கிடைத்தது. தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்துச் செருகியிருந்தது. குழந்தை பிறந்த இரண்டாம் நாள் செய்த காது சோதனை. இடது காது தேறவில்லை, வலது காது தேறவில்லை, இரண்டு வாரத்துக்குள் மறுபடி அழைத்து வரவும். கீழே ப்ரசன்னாவின் கையெழுத்து. பிரசவ வார்டில் நான் தையல் வலியோடு கிடந்தபோது வாங்கி வைத்திருக்கிறான்.

"என்ன இது?"

தாளைப் பார்த்ததும் அவன் உட்கார்ந்துவிட்டான். "சொல்லலாம்னுதான் இருந்தேன், இந்து. டெஸ்ட் பண்ணின பையா, காதுல தண்ணி இருக்கும், நெறையக் குழந்தைக்கு இப்படி வரும், டென்ஷன் மத் லோ, கவலப்படாதேன்னான். சரி, புண்யாஜனம் ஆகட்டும்னு பாத்தேன். அப்பறம் அப்பா அம்மா ஊருக்குக் கெளம்பட்டும்னு பாத்தேன்."

"அன்னிக்கு அந்தக் கத்து கத்தினியே?"

தாளைப் பழையபடி நான்காக மடித்தான். "கேக்கறதான்னு பாத்தேன்" என்றான்.

அவன் வீட்டுச் சட்டம் அது. நல்ல நாளும் அதுவுமாகக் கெட்டதைச் சொல்லக் கூடாது. சித்தப்பா போன செய்தியையே எல்லோரும் சாப்பிட்டுக் கை அலம்பிய பிறகுதான் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் இதை எவ்வளவு பக்குவம் என்று நினைத்திருக்கிறேன். அந்தப் பக்குவம் என் பெண்ணின் காதில் வந்து விடியும் என்று யார் கண்டது.

மறு சோதனைக்கு ஒரு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. குழந்தையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். வலது காதில் ஒன்றுமே இல்லை. இடது காதில் ஏதோ கொஞ்சம். டாக்டர் எங்கள் வயதுதான் இருப்பார், பஞ்சாபிப் பெண். பிறந்தவுடன் சிஎம்வி பார்த்தார்களா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். அது ஒரு வைரஸ். பெரியவர்களுக்கு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையைத் தொடலாம், காதை எடுத்துக்கொண்டு போகலாம். பிறந்த மூன்று வாரத்துக்குள் குழந்தையின் வாயில் பஞ்சைத் தடவி எச்சிலையோ, இல்லை மூத்திரத்தையோ சோதித்தால் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வைரஸ் இருந்தாலும் அது கருவிலேயே வந்ததா, பிறந்த பிறகு வந்ததா என்று சொல்ல முடியாது. மருந்து இருக்கிறது, ஆறு மாதம் கொடுக்க வேண்டும், ரத்த அணுக்களைக் குறைக்கிற மருந்து. நிச்சயமாகத் தெரியாமல் அதைக் கொடுக்க யோசிக்கிறேன் என்றார். கெடு முடிந்து ஐந்தாம் நாள் அந்தத் தாளை நான் கண்டெடுத்திருக்கிறேன்.

"அப்படின்னா பொறந்த அன்னிக்கே ஏன் பாக்கல?" என்று கேட்டேன். எல்லாக் குழந்தைக்கும் பார்க்கிற வழக்கம் இங்கே இல்லை என்றார். அதே ஆஸ்பத்திரியில் குழந்தையின் பாதத்தை மாவில் பதித்துத் தங்க நிறச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். குல்லா மாட்டிக் கூடையில் படுக்க வைத்து ஃபோட்டோ எடுத்தார்கள். வாயில் ஒரு பஞ்சைத் தடவ மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நான் ப்ரசன்னாவைப் பார்த்தேன். லிஃப்டில் ஏறியதும் அவனிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனதில் தயாராக இருந்தது. அப்போதுதான் டாக்டர் கேட்டார். பெரிய குழந்தை க்ரெஷுக்குப் போகிறாளா? சின்னக் குழந்தைகள்தான் இதை மாதக்கணக்கில் எச்சிலில் வைத்துக்கொண்டு அலையும். கர்ப்பமாக இருந்தபோது அவள் சாப்பிட்ட தட்டில், அவள் ஸ்பூனில் நீங்கள் சாப்பிட்டதுண்டா?

என்னைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பார்கள். எச்சில் பார்ப்பதில் நான் பேர்போனவள். தம்ளரைத் தூக்கித்தான் குடிப்பேன். குர்காவ் ஆபீசில் ஒரு தண்ணீர் பாட்டிலை ஐந்து பேர் வாய் வைத்துக் குடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் மானசா கடித்துப் போட்ட இட்லி, சப்பிவிட்டு வைத்த சப்பாத்தி, தட்டில் துழாவிவிட்ட தயிர் சாதம் எல்லாம் என் வயிற்றுக்குத்தான். குழந்தை எச்சில் எச்சிலில்லை என்று கேட்டே வளர்ந்தவள் நான். போதாததற்கு அந்த ஒன்பது மாதமும் தினமும் கடைசி வாயை அவளே உருட்டி எனக்கு ஊட்டுவாள். "ஒனக்குத் தனியாத் தட்டே வேண்டாம்" என்று ப்ரசன்னா கேலி செய்வான்.

பப்பாளி வேண்டாம் என்று சொல்ல ஊரே வந்தது. வாரம் ஒரு பழத்தைக் காட்டி, குழந்தை இப்போது இவ்வளவு பெரிது என்று ஃபோன் சொன்னது. இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"சாப்பிட்டதுண்டு" என்றேன். உங்கள் தப்பில்லை, எப்படி வந்தது என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது என்றார் டாக்டர். ப்ரசன்னா மேஜையிலிருந்த காது பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்டில் நாங்கள் பேசவில்லை. அவனைக் குத்த என்னிடம் ஒன்று இருந்தது, என்னைக் குத்த அவனிடமும் ஒன்று வந்துவிட்டது.

டாக்டர் ஒரு நம்பர் கொடுத்திருந்தார். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சிலர் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறார்களாம். அதில் ஒரு தமிழ்க்காரி இருந்தாள். இந்திராணி, விருதுநகர் பக்கம், புருஷன் ராணுவத்தில். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"காது மிஷினு மாட்டுனா பிச்சுப் பிச்சு எறிவா. ஒட்டுற டேப்பு இருக்கு, நான் குடுத்து விடுறேன். கேக்குதோ கேக்கலையோ, மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே இருங்க. மாசா மாசம் காதைப் பாத்துருங்க, இருக்குறதும் கொறையும்." பிறகு கேட்டாள்: "வீட்டுக்காரரு பேசுறாரா?"

"பேசறார். ஆத்துக்கு வந்தா கொழந்தைய வச்சுண்டு பேசிண்டேதான் இருக்கார்."

"உங்ககிட்டப் பேசுறாரான்னு கேட்டேன்."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். ரெண்டு வருசம் பேச்சில்ல, பாத்திரத்தப் பாத்திரமாவா வச்சோம், டமார் டமார்னுதான் வீசுனோம். சத்தமெல்லாம் எங்களுக்குத்தான். புள்ளைக்கு ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மானசாவுக்குத் தயிர் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காது மிஷினுக்கு அளவெடுக்கப் போக வேண்டும். ப்ரசன்னா பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து "வத்சு, வத்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறையில் குக்கர் கத்தியது. மானசா திரும்பினாள், நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். பிறகு இரண்டு பேரும் குழந்தையைப் பார்த்தோம். அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மானசா தட்டிலிருந்த கடைசி வாயைப் பிஞ்சுக் கையால் உருட்டினாள். பாதியைத் தான் கடித்துக்கொண்டு மீதியை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, ஆ கரோ."

பழக்கத்தில் என் வாய் திறந்துவிட்டது. எனக்குத் தெரிவதற்குள் ப்ரசன்னாவின் கை குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்காமல்தான் பிடித்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மானசா அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா காவ்னா, சாப்பிடு" என்று கையை இழுத்தாள். அவன் விடவில்லை. நான் வாயை மூடவும் இல்லை. அவள் விரலிடுக்கிலிருந்து தயிர் சாதம் கொஞ்சம் கொஞ்சமாக என் புடவையில் விழுந்துகொண்டிருந்தது.