ஏறுகிற வண்டிக்கு வழி

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். ஏற்காட்டில் மழை பெய்யவில்லை. நின்றுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த ஆங்கிலப் பயிற்சி மையத்துக்குள் சன்னல் வழியாக மூடுபனி வந்து, வெள்ளைப் பலகையை ஈரமாக்கிக்கொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் நின்றபடி தேவசிகாமணி, மேனகாவின் விடைத்தாளை வகுப்புக்கு வாசித்துக் காட்டினான்.

"காப்பியைப் பத்தின பேசேஜ். ஏழு கேள்வி. காப்பியைக் குடிக்க மட்டும் தெரிஞ்சவங்க அஞ்சு சரியாப் போட்டிருக்காங்க. நாகலூர் எஸ்டேட்டுல பொறந்து வளர்ந்த சிஸ்டர் போட்டது ரெண்டு."

வகுப்பில் இருந்த எல்லோரும் செவிலியர்கள், எல்லோரும் சிரித்தார்கள். முதல் வரிசையில் இருந்த சாரா தேவைக்குச் சற்று அதிகமாகவே சிரித்தாள்.

மேனகாவுக்கு முப்பத்து நான்கு வயது, தேவசிகாமணிக்கு இருபத்தேழு. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் அவன் பிழையே இல்லாமல் எழுதியவன். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டு அவன் தலைக்கு மேலேயே தொங்கியது. சனி, ஞாயிறுகளில் சேலத்திலிருந்து பைக்கில் மலையேறி வந்து பாடம் நடத்துவான். அவன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. இங்கிலாந்துக்குச் செவிலியர்களை அனுப்பும் ஒரு ஏஜென்சி, 'தயார்' என்று அவன் எழுதிக் கொடுத்தவர்களை மட்டுமே நேர்காணலுக்கு அழைத்தது. முப்பத்தைந்து முடிந்தவர்களை அது எடுப்பதில்லை. மேனகாவுக்கு அக்டோபரில் முப்பத்தைந்து முடிகிறது. எப்படியும் போய்விடுவோம் என்ற துணிச்சலில், சேலத்து மருத்துவமனை வேலையை ஜூன் மாதமே விட்டுவிட்டிருந்தாள்.

"'நிழல் மரங்கள் காப்பி விளைச்சலைக் குறைக்கின்றன.' இதுக்கு ஃபால்ஸ் போட்டிருக்கீங்க. ஏன்?"

"நிழல் இல்லைன்னா ஒரு கோடைக்கே செடி காஞ்சு போயிருமுங்க சார். நிழலுக்கு நின்ன சில்வர் ஓக்கை வெட்டுன வருசம் எங்க எஸ்டேட்டுல பாதிச் செடி போச்சுங்க."

"பேசேஜ்ல என்ன இருக்கு?"

"குறைக்குதுன்னுதான் இருக்குதுங்க. அது தப்புங்க."

"ஆராய்ச்சி பண்ணி எழுதுனவனுக்குத் தெரியாதது நாகலூர்ல தெரிஞ்சிருக்கு. சரி. அடுத்தது. 'காப்பிப் பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.' இதுக்கு ட்ரூ. பேசேஜ்ல ஆம்பளை, பொம்பளை பேச்சே கிடையாது. சொல்லப்படாததுக்கு என்ன விடை? நாட் கிவன். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"எங்கம்மா முப்பது வருசமாப் பறிக்கிறாங்க சார். லைன் ஊட்டுல இருக்கிற அத்தனை பொம்பளைகளும் பறிக்கிறாங்க."

"உங்கம்மாவைப் பத்தி யாரும் கேக்கலை சிஸ்டர்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சாராகூடப் பேனாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்னு பரீட்சையில கேக்கலை" என்று தேவசிகாமணி தாளை மேசைமேல் வைத்து, ஓரத்தை நேராக்கினான். "தாள்ல என்ன இருக்குன்னு கேக்குறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை வெளியில செருப்போட சேர்த்துக் கழட்டி வெச்சுட்டு வரணும். இன்னொண்ணு, படிக்கிறப்ப உங்க உதடு அசையுது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி. அதனாலதான் மூணாவது பேசேஜுக்கு உங்களுக்கு நேரமே பத்துறதில்லை. நான் 'தயார் இல்லை'ன்னுதான் எழுதப்போறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பது மேனகாவின் பிறவிக்குணம். அவள் எழுந்தாள்.

"இன்னொரு தேர்வு வைங்க சார்."

"இருபத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏஜென்சி ஆள் தாளை வாங்க வந்துருவான்."

"அன்னைக்கு மத்தியானம் வைங்க."

தேவசிகாமணி தேதியைக் குறித்துக்கொண்டான். "வெக்கிறேன். கேள்வித்தாள் நானே தயாரிப்பேன், நெட்டுல தேடாதீங்க. நாப்பதுக்கு முப்பது. ஒண்ணு குறைஞ்சாலும் அதைப் பத்தி நீங்க பேசக் கூடாது."

படியில் இறங்கும்போது சாரா கூடவே வந்தாள். "ஏனுங்கக்கா, அந்தாளுகிட்ட எதுக்கு வாயக் குடுக்குறீங்க? பேசாம அடுத்த வருசம் எழுதலாமுல்ல?"

"அடுத்த வருசம் என்னைய எடுக்கமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்கக்கா. அதனாலதான் சொன்னேன்" என்றாள் சாரா, சிரிப்பை அடக்காமல்.

*

அந்த வாரத்தின் முதல் மூன்று நாட்கள் வீணாயின. மேனகா எதைப் படித்தாலும் அதற்குள் நாகலூர் வந்து நின்றது. தேனீயைப் பற்றிப் படித்தால் எஸ்டேட் மரத்தில் கட்டியிருந்த கூடு வந்தது. குடிநீரைப் பற்றிப் படித்தால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் குழாயடிச் சண்டை வந்தது. கேள்வி கேட்டவன் வாயைத் திறக்குமுன்பே அவள் மனம் விடையை எழுதி முடித்திருந்தது.

களை வெட்டிவிட்டு வந்த அவள் தாய் ராசம்மாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பையன் உன்னைய உடச் சின்னவன்னு சொல்ற. அவங்கிட்ட ஏங்கண்ணு மல்லுக்கு நிக்கிற?"

"அவன் உன்னையப் பத்திப் பேசுனாம்மா."

"என்னன்னு?"

"உன்னையப் பத்தி யாரும் கேக்கலைன்னான்."

ராசம்மாள் காலிலிருந்த அட்டையை உப்புப் போட்டு உதிர்த்தாள். "நெசந்தான? எந்தப் பரிச்சையில கண்ணு என்னையப் பத்திக் கேட்டாங்க?"

தாயும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்ற எரிச்சலோடு மேனகா மறுநாள் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். பஸ் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே முனகிக்கொண்டு போனது. மடியில் விரித்திருந்த பயிற்சித்தாளின் உரைப்பகுதியில் மறுபடியும் ஒரு கேள்விக்குத் தன் அறிவிலிருந்து விடை எழுதியதைக் கண்டபோது, முற்றிலும் வேறொரு குரல் அவள் காதில் விழுந்தது. சேலத்து மருத்துவமனையின் பழைய மேட்ரனின், தலைமைச் செவிலியின், குரல் அது. வேலையில் சேர்ந்த புதிதில், பணி மாறும் நேரத்தில், நோயாளிக்கு ஊசி போட்டாயிற்று என்று மேனகா சொன்னாள். "கேஸ் ஷீட்டுல எழுதியிருக்கா?" என்று மேட்ரன் கேட்டாள். எழுதவில்லை, ஆனால் இந்தக் கையால்தான் போட்டேன் என்றாள். "எழுதலைன்னா போடலை" என்று மேட்ரன் எல்லோர் முன்னிலையிலும் தாளைத் திருப்பி எறிந்தாள்.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் மேனகா அந்த விதியை மீறியதில்லை. வேறு வார்டிலிருந்து வரும் நோயாளியின் தாளை எடுத்தால், அவன் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்கமாட்டாள். எழுதியிருப்பதைப் படிப்பாள், எழுதாததை எழுதவில்லை என்பாள். அவள் ஒருநாளும் பார்த்திராத நோயாளியின் கேஸ் ஷீட்தான் இந்த உரை. அதற்குள் தன் தாய்க்கு இடமில்லை, தனக்கும் இடமில்லை.

தேவசிகாமணி சொன்னதும் இதையேதான். அவன் சொன்னது சரி என்று தெரிந்தவுடன் அவன்மீது அவளுக்கிருந்த கோபம் தணியவில்லை, இரட்டித்தது.

உதட்டுக்கு அவளே வைத்தியம் கண்டாள். காய்ந்த மிளகு ஒன்றை முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு படித்தாள். வாய் அசைந்தால் மிளகு கடிபட்டு, கண்ணில் நீர் வரும். வெள்ளிக்கிழமைக்குள் மிளகு முழுதாகத் தங்கியது. கேள்வியை முதலில் படித்து, அது கேட்கும் இடத்தை உரையில் தேடி, அங்கே மட்டும் நின்று நிதானித்தாள். மூன்றாம் உரைக்கும் நேரம் மிஞ்சியது.

*

இருபத்தொன்றாம் தேதி காற்றோடு மழை பெய்தது. தேர்ச்சி பெற்றவர்களின் 'தயார்' தாள்கள் மேசையில் ஒரே அளவாக அடுக்கியிருந்தன. மேலே இருந்தது சாராவினுடையது. தாள்கள் புறப்படுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேனகா கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் உரை, இரவுப் பணி செய்யும் செவிலியர்களைப் பற்றியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். தேவசிகாமணி சன்னலோரம் நின்று மழையை வேடிக்கை பார்ப்பவன்போல் இருந்தான். காப்பியில் விழுந்தவளை மருத்துவமனையில் மூழ்கடிக்கத் திட்டமிட்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

'ஆய்வில் கலந்துகொண்ட செவிலியர்கள் இரவுப் பணியை ஓய்வானதாகக் கருதினர்' என்றது ஒரு கேள்வி. இரவுப் பணியில் வீங்கிய கால்களோடு பதினோரு ஆண்டுகள் நின்றவள், உரையில் அந்த வரியைக் கண்டுபிடித்து, ட்ரூ என்று எழுதினாள். இரண்டாவது உரை ஏதோ ஒரு நாட்டின் மலைப்பாதையைப் பற்றியது. மூன்றாவது, பழைய கண்ணாடித் தொழிற்சாலைகளைப் பற்றியது. ஒரு மணி நேரம் முடிந்தபோது எல்லாக் கேள்விகளுக்கும் விடை இருந்தது. பல்லிடுக்கில் மிளகும் இருந்தது.

தேவசிகாமணி திருத்தினான். திருத்திய பின் இன்னொரு முறை எண்ணினான். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, 'தயார் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினான்.

"இருபத்தொம்பது. முன்னேற்றம்தான். ஆனா முப்பது இல்லை."

மேனகா அதை வாங்கவில்லை. "என் விடைத்தாளைக் குடுங்க சார்."

"பேசக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"பேசலைங்க. படிக்கிறேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்தான். அவள் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாக உரையோடு ஒப்பிட்டாள். கீழே பேக்கரியில் ஏஜென்சி ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு மேலே கேட்டது.

"அக்கா, அந்தாளு தாளை வாங்கிட்டுக் கெளம்பிருவானுங்க" என்றாள் சாரா. "ஒரு மார்க்குக்கு எதுக்கு இப்படி?"

"ஒரு மார்க்குதான் வேணும்" என்றாள் மேனகா திரும்பாமல். பிறகு தாளை மேசைமேல் வைத்தாள். "பதினொண்ணுல பத்து தப்புத்தானுங்க சார். பதினேழாவது தப்பில்லைங்க."

பதினேழாவது கேள்வி மலைப்பாதையைப் பற்றியது: 'வளைவுகளில், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்.' மேனகா நாட் கிவன் என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் ட்ரூ என்று இருந்தது.

தேவசிகாமணி படிவத்தை அவள் பக்கம் மேலும் நகர்த்தினான். "ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இது கூடத் தெரியாதா?"

"நல்லாவே தெரியுமுங்க. எங்கப்பா எஸ்டேட் லாரி ஓட்டுனவரு. இந்தப் பேசேஜ்ல எந்த வரியில இருக்குதுங்க?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை யாருங்க சார் கேட்டாங்க?"

பின்வரிசையில் சாராவின் நாற்காலி கிரீச்சிட்டது. தேவசிகாமணியின் காது மடல்கள் சிவந்தன. "விடைக்குறிப்புதான் கடைசி" என்றான்.

 மேனகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவனைக் கட்டாயப்படுத்த அவளிடம் எதுவும் இல்லை. அவன் ஆணவக்காரன், அவளுக்குத் தோல்வியைக் கொடுக்கவே கேள்வித்தாள் தயாரித்தவன். ஆனால் தாளின் ஓரம் கோணினாலே பொறுக்காதவன், ஒரு தவறான விடை தன் மேசையில் சரியான விடை என்ற பெயரில் கிடப்பதைப் பொறுத்துக்கொண்டு மலையிறங்கமாட்டான். அந்த ஒன்றை நம்பித்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அவன் உரையைத் தன் பக்கம் இழுத்தான். முதலில் மேலோட்டமாகப் பார்த்தான். பிறகு விரலை வைத்துப் படித்தான். வளைவுக்கு முன் ஓட்டுநர்கள் ஒலி எழுப்பினார்கள் என்று இருந்தது. இரண்டு பஸ்கள் ஒரே நேரத்தில் திரும்ப வளைவில் இடம் போதாது என்று இருந்தது. ஒன்று கடக்கும்வரை மற்றொன்று நின்றது என்றும் இருந்தது. நின்றது எது, ஏறியதா இறங்கியதா என்பது எங்கேயும் இல்லை. வாரந்தோறும் சேலத்திலிருந்து அவன் ஏறி வரும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற வண்டிகள் நின்று அவனுக்கு வழிவிட்டிருக்கின்றன. அந்தப் பாதை அவன் அறியாமலே அவன் எழுதிய விடைக்குள் ஏறி வந்திருந்தது.

அவன் மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினான். இம்முறை அவன் வாய் மெல்ல முணுமுணுத்தது.

"மெதுவாப் படிங்க சார்" என்றாள் மேனகா. "உதடு மட்டும் அசையாம."

சாரா வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசிகாமணி நிமிரவில்லை. விடைக்குறிப்பை எடுத்துப் பதினேழுக்கு நேரே இருந்ததை அளவுகோல் வைத்து ஒரே கோடாக அடித்தான். மேலே திருத்தி எழுதினான். 29 என்பதை அடித்து 30 என்று எழுதினான். கையெழுத்திட்ட படிவத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டான். எல்லாவற்றையும் எவர் முகத்தையும் பாராமல் செய்தான்.

புதிய படிவத்தில் எழுதி அவள் முன் தள்ளினான். "கெளம்புங்க. நிஜப் பரீட்சையில இப்படி உக்காந்து மல்லுக்கட்ட முடியாது."

"அங்க விடைக்குறிப்பை நீங்க எழுதமாட்டீங்கள்ல சார்."

அவள் படிவத்தைக் கையில் எடுக்காமலே, மேசைமேல் இருந்தபடியே படித்தாள். பெயர் சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. வாசிப்பு: நாற்பதுக்கு முப்பது. முடிவு: தயார். கீழே ஒரு கோடு இருந்தது; கோட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை.

"கையெழுத்து இல்லைங்க சார்."

"'தயார்'னு எழுதிட்டேனே, தெரியலையா?"

"நீங்க எழுதுனது எனக்குத் தெரியுங்க. கையெழுத்துதான் தாள்ல இல்லைங்க."

படியில் ஏஜென்சி ஆள் ஏறி வரும் ஓசை கேட்டது. தேவசிகாமணி பேனாவின் மூடியைத் திறந்து, கோட்டுக்கு மேல் கையெழுத்திட்டு, மை உலரும்வரை பிடித்திருந்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே படிவத்தை அவளிடம் நீட்டினான். மேனகா வாங்கிக்கொண்டாள்.