ஞாயிற்றுக்கிழமை டெலக்ஸ்

எங்கள் கப்பல் ஏஜென்சிக்கு டெலக்ஸ் மெஷின் வந்தபோது அதற்குப் பெயர் வைத்தது நான்தான். இங்கே தட்டினால் லைன் வழியாக வெளியூர் மெஷினில் காகிதத்தில் எழுத்தாக விழும். உள்ளே சீப்பு மாதிரி ஒரு தகடு உண்டு. குறடால் அதன் பற்களை ஒடித்துத்தான் ஆபீஸ் பெயரைப் பதிக்கணும். அப்புறம் எந்த ஊரிலிருந்து 'நீ யார்?' பொத்தானை அமுக்கினாலும், ஆளே இல்லாவிட்டாலும், மெஷின் தானாகப் பெயரை அடித்துவிடும்.

"ஏலே நயினாரு, நீ செத்துப் போனாலும் அது பதில் சொல்லும் பாத்துக்கோ" என்று மேனேஜர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மாப்பிள்ளையூரணியில் ஒற்றை அறை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேச ஒரு நாதி கிடையாது. அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசைத் திறந்து, எங்கள் பம்பாய் ஆபீசைக் கூப்பிட்டு 'நீ யார்?' என்று கேட்பேன். அங்கேயும் லீவுதான். மெஷின் மட்டும் கடகடவென்று பெயர் சொல்லும். அது போதும். பதிலுக்கு எங்கள் ஆபீஸ் பெயரையும் அடித்து, லைனைத் துண்டித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நாலு மாதம் இப்படி. போன ஞாயிறு, 'என்ன கோட்டித்தனம் இது' என்று என்மேலேயே கோபம் வந்து, அறையிலேயே படுத்துக் கிடந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மெஷினில் காகிதம் தொங்கியது. ஞாயிறு நாலரை மணி என்று போட்டு, பம்பாயிலிருந்து யாரோ இங்கிலீஷில் அடித்திருந்தார்கள்: "ஒவ்வொரு ஞாயிறும் நானும் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். இன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை?"

அதன் கீழே மூன்று தடவை 'நீ யார்?' கேட்டிருந்தது. மூன்று தடவையும் என் மெஷின் ஆபீஸ் பெயரைச் சொல்லியிருந்தது.