ஈரக் கல்

பாவி மனுஷா, உடுத்தி அனுப்ப ஒரு சட்டைக்குக்கூட இடம் வைக்காமல் போயிருக்கிறாயே என்று அவள் மனசுக்குள் கத்தினாள். அலமாரியின் மேல்தட்டில் கல். நடுத்தட்டில் கல். சட்டைகள் இருந்த இழுப்பறையிலும் பழைய செய்தித்தாளில் சுருட்டிய கல். கதவை அறைந்து சாத்தலாம் என்றால் கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

எல்லாம் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மேட்டில் பொறுக்கியவை. கோடி கோடி வருஷத்துக்கு முந்திய பெரணி இலையும் மரப்பட்டையும் பதிந்தவை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதும் மனுஷர் வீட்டில் இருப்பார் என்று நம்பினாள். மேட்டில்தான் இருந்தார்.

"ஐஸ் இருக்கா அண்ணி? வந்தவங்களுக்கு ஜூஸ் கலக்கணும்" என்றாள் நாத்தனார்.

உருண்டைக் கல்லை அவர் நீரில் ஊறவைத்து, ஃப்ரீஸரில் உறையவிட்டு, இளகவிட்டு, திரும்ப உறையவிடுவார். பல தடவைக்குப் பிறகு மயிரிழை விரிசல் விழும். சுத்தியலால் ஒரு தட்டு. இரண்டாகப் பிளந்து உள்ளே இலை தெரியும். ஐஸ் கேட்டால் கல் கொடுக்கிற வீடு என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். போன மாதம் மேட்டில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தவர், இனி மழை பெய்தால் மண் காயாமல் மேட்டுக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணி, ஃப்ரீஸரையும் தன் கையாலேயே காலி செய்தார்.

இப்போது அதில் ஒரு டப்பா இருந்தது. ஐஸுக்குள் சேறு கலையாத கல். நேற்றுப் போனவர் வீடு திரும்பவே இல்லையே.

டப்பாவோடு கூடத்துக்கு வந்தாள். "இத யாரு வச்சது?"

எலெக்ட்ரீஷியன் எழுந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவர், அவள் புருஷனின் மேட்டுக் கூட்டாளி. நேற்று விடிந்ததும், ராத்திரி மழையில் புதுக்கல் வெளியே வந்து கிடக்கும் என்று போன் பண்ணியவர். மேடு சரிந்தபோது நாலு அடி தள்ளி நின்றவர்.

"நான்தான் தங்கச்சி. நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியிலேருந்து அவன் பையக் கொண்டாந்தேன்ல... கைப்பழக்கம். என்னையறியாம வச்சுட்டேன்."

பழக்கம். அவள் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் இந்த மனிதர் அவள் சமையலறைக்குள் நுழைந்து, டப்பா தேடி, தண்ணீர் பிடித்து, கல்லைப் போட்டு, பதமாக மூடியும் வைத்திருக்கிறார்.

"கடைசியா அவன் கையில எடுத்தது இதுதான். உள்ள பெரணி இருக்கு, வேணா பாருன்னு அடிச்சுச் சொன்னான். எடுக்கும்போதே ஓரத்துல கோடு விட்டிருந்துச்சு, தட்டினா பொளந்துரும். அவனக் கொண்டுவந்ததும் நீங்களே உங்க கையால தட்டுங்க. ஒரு பாதிய அவன்கூட வச்சு அனுப்பலாம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசப்பட்ட எடத்துலயே போயிட்டான். கொடுத்து வச்சவன்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின.

கொடுத்து வைத்தவர். சேற்றை வழித்துத்தான் முகத்தை அடையாளம் காட்டச் சொன்னார்கள். வாய்க்குள்ளும் கரித்தூள்.

"வேணாம்னு சொன்னேன் அண்ணே. அவருகிட்ட மட்டுமில்ல. போனை வாங்கி உங்ககிட்டயும் சொன்னேன்."

"சொன்னீங்க..."

"என்ன சொன்னீங்க நீங்க?"

அவர் கல்லையே பார்த்தார். "சும்மா அடிவாரத்துலதான்னு..."

"அண்ணி, விடுங்க. அண்ணனுக்காக ஒரு தட்டுதான?" நாத்தனார் தோளைத் தொட்டாள்.

"நான் தட்ட மாட்டேன்."

"செரி, நீங்க இருங்க. நான் வேணா..."

"யாரும் தட்ட வேணாம்."

குரல் உயரவில்லை. டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கக் கொடியில் கிடந்த புருஷனின் நீலச் சட்டையை எடுத்து வந்து மேஜையில் விரித்தாள். மழையில் நனைந்தது இன்னும் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள்.

"அப்ப இத என்ன பண்றது தங்கச்சி?"

காலரைத் தேய்த்தாள். பிறகு கைகளை. பொத்தான்களைச் சுற்றி முனையை மெல்லத் திருப்பினாள். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. சட்டையைப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கத்தை ஆரம்பித்தாள்.