காலை எடுக்காதீங்க மாமா

“அமத்துங்க மாமா… அமத்திப் புடிங்க. நான் சொல்லாமக் காலை எடுக்காதீங்க.”

வாகனத்தின் பின் சக்கரத்தருகே சாக்கை விரித்துப் படுத்திருந்த பர்ஹான் நட்டைத் தளர்த்தினான். பழைய பிரேக் ஒயில் ஆறிப்போன பிளேன்டீ நிறத்தில் குழாய்க்குள் இறங்கியது. குழாய் வீட்டு மீன்தொட்டியில் கழற்றியது. போத்தல், ஜேம் தீர்ந்தது. புனலும் அகப்பையும்கூட அடுப்படியிலிருந்து வளவுக்கு வந்துவிட்டன. மதிலால் எட்டிப் பார்த்தவர்களுக்கு, அவன் மனைவி ஸப்னா பகல் சாப்பாட்டை எதை வைத்துச் சமைப்பாள் என்பதுதான் கவலை.

கராஜ் செலவு என்றாலே பர்ஹானுக்குக் காய்ச்சல். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன், பழைய ஒயிலையும் காற்றையும் வெளியேற்றும் இந்த வேலையைத் தனியாகவே செய்து முடித்திருந்தான். இங்கே பெடலை அமத்த ஒரு ஆள் தேவைப்பட்டது. கேட்காமலே வந்து ஏறினார் மாமனார் அபூசாலி. கட்டையான மனிதர். கால் எட்டாமல் சீட்டை முன்னுக்கு இழுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தது போல இருந்தார்.

பர்ஹான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து மூன்று வருடம். மருமகன் வரும் சத்தம் கேட்டால் அபூசாலி அவசரமாய்ச் சேர்ட்டைப் போடுவார். ஒருவருக்கு மற்றவர் சொல்ல வேண்டியதெல்லாம் ஸப்னா வழியாகத்தான் போகும். அப்படிப்பட்ட மாமனாருக்கு மருமகன் கட்டளை போடுவதை ஒழுங்கைச் சனம் முழுக்கக் கேட்டுச் சிரித்தது.

கடைசிச் சக்கரம். குழாயில் இன்னும் குமிழி வந்தது.

“கொஞ்சம் புடிங்க மாமா.”

“ஓம் மகன்.”

குரல் மெலிந்திருந்தது. கூச்சம் என்று நினைத்தான். நட்டை மூடுமுன், இறங்கிய ஒயில் குழாயில் மேலே ஏறியது.

“காலை எடுத்திட்டீங்களா?”

எரிச்சலோடு எழும்பினான். மாமாவின் நெற்றி ஸ்டியரிங்கில் கிடந்தது.

ஸப்னா ஓடி வந்து வாகனத்தை எடுக்கச் சொன்னாள். சாவி அதிலேயே இருந்தது. பர்ஹான் குனிந்து பெடலைக் கையால் அமத்தினான். காற்று ஏறிவிட்டது, பெடல் தரைவரை போனது.

“பிரேக் இல்ல, ஸப்னா.”

பக்கத்து வளவு ஹமீடின் ஓட்டோ நிந்தவூர் சவாரியில் இருந்தது. அது வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மாமாவின் மையித்தோடு திரும்பியது.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். உள்ளே பெண்களிடம் ஸப்னா அழுதுகொண்டு சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கும் கேட்டது.

“வெள்ளனயே நெஞ்சு கனக்குதெண்டவர். ‘மருமகன் வேலையா இரிக்கார், அவருக்கிட்டச் சொல்லிராத’ எண்டார்.”

அவன் கைகளில் ஒயில் இன்னும் வழுவழுத்தது. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.

மையித்தைச் சுமக்கப் பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கு வந்தபோது வாகனம் வழியை மறித்து நின்றது. ஹமீடும் இன்னும் சிலரும் பின்னால் கை வைத்தார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஒருவர் வேண்டும். பர்ஹான் ஏறினான். முழங்கால்கள் டாஷ்போர்டில் இடித்தன.

ஹமீட் ஜன்னலால் குனிந்து பார்த்தார்.

“சீட்டப் பின்னுக்கு எடுங்களன் மச்சான்.”

பர்ஹானின் கை சீட்டுக்கு அடியிலிருந்த கம்பி வரை போய்த் திரும்பியது. அப்படியே குறுகி இருந்து, பிரேக் இல்லாத அந்தப் பெடலில் காலை வைத்து அமத்தினான்.

“தள்ளுங்க,” என்றான்.

வண்டி மெல்ல நகர்ந்தது. அவன் காலை எடுக்கவில்லை.